ஒரு ஈட்டுக்கு அறுபது இட்லி

எனக்குக் கோபம் வரும். மூக்கின் மேல் என்பார்களே, அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். திலகவதி டீச்சர் என்று என் முன்னால் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால் மிளகாய்ப்பொடி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கோபக்காரி என்றால் நேர்மையானவள் என்று எனக்கு நானே ஒரு சான்றிதழ் கொடுத்து வைத்திருந்தேன். போன மாதம் ஐந்து மார்க் விஷயத்தில் அது கிழிந்தது.

எங்கள் பள்ளிக்கூடம் நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்புக்குள் இருக்கிறது. ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. குவார்ட்டர்ஸ் பிள்ளைகளும் வருவார்கள், வடக்குத்திலிருந்தும் முத்தாண்டிக்குப்பத்திலிருந்தும் பஸ் ஏறியும் வருவார்கள். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் நாற்பத்திரண்டு பேர். யார் வீட்டில் பர்மனென்ட், யார் வீட்டில் கான்ட்ராக்ட் என்பது முதல் வாரமே அவர்களுக்குள் தெரிந்துவிடும். நான் யாரையும் கேட்பதில்லை. ஆனால் எனக்கும் தெரிந்துவிடும்.

ஜூலையில் கடல் உணவு வலை எடுத்தேன். நான் படித்தது வேதியியல். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் என்றால் செடி, தவளை, மின்சாரம், அமிலம் எல்லாவற்றையும் ஒரே ஆள்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பலகையில் ‘மிதவை உயிரி’ என்று பெரிதாக எழுதினேன். கண்ணுக்குத் தெரியாது, எதிர்நீச்சல் தெரியாது, தண்ணீர் போகிற பக்கம் போகும் என்றேன். அதில் தாவர வகை வெயிலை வைத்துத் தனக்குத் தானே சமைத்துக்கொள்ளும். அதை விலங்கு வகை தின்னும். அதை நெத்திலி தின்னும், நெத்திலியை வஞ்சிரம் தின்னும், வஞ்சிரத்தை நாம்.

"இந்தக் கண்ணுக்குத் தெரியாதது இல்லைன்னா கடல்ல ஒரு மீன் கிடையாது. ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல குழம்பும் கிடையாது" என்றேன். சிரித்தார்கள். இதற்கு ஆயுசு ஒரு நாள் இரண்டு நாள்தான், அதற்குள் இரண்டாகப் பிளந்து பெருகிவிடும், பெருகின வேகத்தில் எதன் வாய்க்குள்ளாவது போய்விடும் என்றும் சொன்னேன். இதைச் சொன்னது நான்தான். சொல்லிவிட்டு, கையோடு ஒரு பிரமிடு வரைந்தேன். அடியில் அகலமாக மிதவை உயிரி, மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் சுறா. நாற்பத்திரண்டு பேரும் நோட்டில் போட்டுக்கொண்டார்கள்.

இசைப்பிரியா மூன்றாவது பெஞ்சு. வடக்குத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா ஆதிலட்சுமி சுரங்கத்து கேண்டீனில் கான்ட்ராக்ட்டில் இட்லி ஊற்றுகிறவள். மறுநாள் இவள் ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றாள். "டீச்சர், எங்க ஊரு கொளத்துத் தண்ணி. இதுலயும் அது கெடக்குமா? பாக்கலாமா?" என்றாள்.

எங்கள் மைக்ராஸ்கோப்பில் லென்ஸ் முழுக்கப் பூஞ்சை. பார்த்தால் சாம்பல் பூசின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மூன்று நாள் மூன்று பாட்டில் கொண்டுவந்தாள். மூன்று நாளும் சாம்பல். "வேற எங்க டீச்சர் பாக்க முடியும்?" என்று கேட்டாள். அந்த வாரமே அதற்குப் பதில் தபாலில் வந்தது. பரங்கிப்பேட்டையில் மூன்று நாள் கடல் முகாம். படகில் கூட்டிக்கொண்டு போய் வலை போட்டு மிதவை உயிரியை அள்ளி, ஆளுக்கு ஒரு மைக்ராஸ்கோப் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். பள்ளிக்கு ஒரே ஒரு இடம்.

தலைமையாசிரியர் கொளஞ்சிநாதன், இந்தப் பாடத்திலேயே ஐம்பது மார்க்குக்கு ஒரு பரீட்சை வைக்கலாம், முதல் மார்க் வாங்குகிற பிள்ளை போகட்டும் என்றார். நல்ல ஏற்பாடு என்று நானும் தலையாட்டினேன். இசைப்பிரியாவைக் கூப்பிட்டு, "முதல் மார்க் வாங்கு, நீயே போய்க் கண்ணால பாரு" என்றேன். அவள் பரீட்சைத் தேதியை என்னிடம் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

கேள்வித்தாள் நான்தான் போட்டேன். ஒன்பதாவது கேள்விக்கு ஐந்து மார்க். திருத்த உட்கார்ந்தபோது நாற்பத்தொரு தாளிலும் அந்தக் கேள்விக்கு என் பிரமிடு அப்படியே வந்திருந்தது. இசைப்பிரியாவின் தாளில் மட்டும் தலைகீழாக நின்றது. அடியில் மிதவை உயிரி குச்சி மாதிரி, மேலே மீன்கள் அகலமாக. அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தாள்:

‘என் அம்மா வேலை செய்யும் கேண்டீனில் ஒரு ஈட்டுக்கு அறுபது இட்லி. எந்த நேரம் அடுப்பைப் பார்த்தாலும் மூன்று கிலோ இட்லிதான் இருக்கும். ஆனால் காலை ஐந்து முதல் ஒன்பது வரை இருபது ஈடு எடுப்பார்கள். முந்நூறு பேர் சாப்பிடுவார்கள். முந்நூறு பேர் எடை பதினெட்டாயிரம் கிலோ. மிதவை உயிரியும் அப்படித்தான். ஒரே நேரத்தில் எடை போட்டால் கொஞ்சம். ஈடு ஈடாக வந்துகொண்டே இருப்பதால் மீன்களுக்குப் போதும்.’

படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வரைந்து காட்டியதைக்கூடப் போடத் தெரியாமல், கேலி செய்கிறாளா இவள்? சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். ‘பரீட்சை எழுதுகிறாயா, இட்லிக் கடை நடத்துகிறாயா?’ என்று எழுதி முட்டை போட்டேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. திங்கட்கிழமை வகுப்பில் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து உரக்கப் படித்தேன். "பதினெட்டாயிரம் கிலோ" என்ற இடத்தில் குரலை ஏற்றி இறக்கினேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. இசைப்பிரியா எழுந்து நின்று, "டீச்சர், கேள்வில..." என்று ஆரம்பித்தாள்.

"உட்காரு! தலைகீழா வரைஞ்சுட்டு எதிர்த்து வேற பேசறியா?" என்று கத்தினேன். உட்கார்ந்துவிட்டாள்.

நந்தினிக்கு நாற்பத்தெட்டு. இசைப்பிரியாவுக்கு நாற்பத்திரண்டு. நந்தினியின் அப்பா சண்முகசுந்தரம் பெரிய அதிகாரி, பெற்றோர் சங்கத் தலைவரும் அவர்தான். நந்தினி பெயர் அன்றைக்கே முகாமுக்குப் போய்விட்டது. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பிள்ளைகள் இசைப்பிரியாவை "ஏ இட்லி" என்று கூப்பிட்டது என் காதிலும் விழுந்தது. அதற்கு மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை பாருங்கள்.

புதன்கிழமை மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றாள். புடவை மேல் கேண்டீன் நீலக் கோட்டு மாட்டியிருந்தாள். தலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

"நீங்கதான் திலகவதி டீச்சருங்களா?"

"ஆமாம். நீங்க?"

"இட்லியோட அம்மா" என்றாள்.

நான் சோற்றை மூடி வைத்தேன். அறையில் இன்னும் மூன்று டீச்சர்கள் இருந்தார்கள்.

"ரெண்டு நாளா எம்பொண்ணு ஒழுங்கா சோறு துன்னல. மூஞ்ச திருப்பிகினு படுத்துகினு கெடக்குது. கேட்டா, ஒன்னாலதாம்மா போச்சுங்குது. நா இன்னாங்க பண்ணேன்? இட்லி சுட்டது குத்தமா?"

"பரீட்சைத் தாள்ல பாடத்தை எழுதணும்மா. கேண்டீன் கதையெல்லாம் எழுதினா மார்க் போட முடியுமா?" என்று நானும் குரலை உயர்த்தினேன்.

"கதையா? ஒரு ஈட்டுக்கு அறுவதுன்றது கதையா? விடிகால அஞ்சு மணிக்கு எங்க அடுப்பாண்ட வந்து நின்னு பாருங்க. பன்னண்டு நிமிசத்துக்கு ஒரு ஈடு. எறக்கி வக்கிறதுக்குள்ள தட்டு காலியாவும். எட்டிப் பாத்தா அடுப்புல இருக்கறது ஒரு ஈடுதான். ஆனா ஒருத்தன் பட்டினியா போறதில்ல. அதத்தான எழுதியிருக்குது?"

"அம்மா, இது பிரமிடு..."

"பிரமிடு கிரமிடுலாம் எனக்குத் தெரியாதுங்க. எம்பொண்ணு போட்ட கணக்கு தப்பா? அத மட்டும் சொல்லுங்க."

"கணக்கு சரிதான். பாடம்தான் தப்பு."

"கணக்கு சரின்னா பாடம் எப்பிடிங்க தப்பாவும்?"

பெல் அடித்தது. எனக்கு வகுப்பு இருக்கிறது என்று சொல்லி எழுந்தேன். பதில் சொல்ல முடியாமல் எழுந்தேன் என்பதுதான் உண்மை. "செகண்ட் ஷிப்டுக்கு வரச் சொல்லிட்டாங்க, போறேன். நாளைக்கும் வருவேன்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள். மற்ற டீச்சர்கள், "என்ன வாய் பாருங்க!" என்று எனக்குப் பரிந்து பேசினார்கள். எனக்கு அது இனிக்கவில்லை. கணக்கு சரியென்றால் பாடம் எப்படித் தப்பாகும் என்பது காதுக்குள் எறும்பு புகுந்த மாதிரி குடைந்தது.

கடைசிப் பீரியட் எனக்கு ஓய்வு. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து என் கேள்வித்தாளை எடுத்தேன். ஒன்பதாவது கேள்வி: ‘கடலின் உயிரித்திரள் பிரமிடை வரைந்து விளக்குக.’

உயிரித்திரள். நான் அப்படியா கேட்டேன்? எண்ணிக்கைப் பிரமிடு என்று கேட்கத்தான் நினைத்தேன். அவசரத்தில் கை திரள் என்று அடித்திருக்கிறது. வகுப்பிலும் இரண்டும் வேறு வேறு என்று சொல்லாமல், கடலுக்கு ஒரே பிரமிடுதான் என்பது போல வரைந்து விட்டிருக்கிறேன். எண்ணிக்கை என்றால் தலையை எண்ணுவது. திரள் என்றால் எல்லாவற்றையும் அள்ளித் தராசில் வைப்பது. அந்தப் பெண் கேள்வியில் இருந்த சொல்லைப் படித்திருக்கிறாள். கேள்வி போட்ட நான் படிக்கவில்லை. அதைத்தான் எழுந்து நின்று சொல்ல வந்தாள், நான் உட்காரு என்று கத்தினேன்.

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் டீச்சரிடம் புத்தகம் வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். கடலில் உயிரித்திரள் பிரமிடு தலைகீழானது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தாவர மிதவை உயிரி எந்த நேரத்திலும் எடையில் கொஞ்சம், ஆனால் வேகமாகப் பெருகித் தீர்ந்து, தீர்ந்து பெருகுவதால் மேலே உள்ள அத்தனையையும் தாங்குகிறது என்று அதில் நான்கு வரி. நாலு வரியும் இசைப்பிரியாவின் இட்லிதான். புத்தகம் பார்க்காமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அம்மாவின் அடுப்பைப் பார்த்து ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்ததை நான் ஊரைக் கூட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சீ, நானெல்லாம் ஒரு டீச்சரா? மேஜையை ஓங்கி அடித்தேன். கை வலித்தது, நன்றாக வலிக்கட்டும் என்றிருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். உள்ளே நுழையும்வரை எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. கதவைத் தாண்டினதும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "சார், ஒரு சின்ன விஷயம் சார்" என்றுதான் வாய் ஆரம்பித்தது.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு துண்டுத் தாளில் ஏதோ போட்டுப் பார்த்தார். "கேள்வியே குழப்பம்னு எடுத்துடுவோம் டீச்சர். அப்ப நந்தினி நாப்பத்தி மூணு, அந்தப் பொண்ணு நாப்பத்தி ரெண்டு. இல்லன்னா எல்லாருக்கும் அஞ்சு போட்டுடுவோம். நாப்பத்தெட்டு, நாப்பத்தேழு. எப்படிப் பாத்தாலும் நந்தினிதான். அப்புறம் எதுக்கு கிளறணும்?"

"சார், கேள்வி குழப்பம் இல்ல சார். விடைதான்... நாப்பத்தொரு பேரு எழுதினது தப்பு சார். அவ ஒருத்திதான் சரி. அப்படிப் போட்டா அவதான் முதல்."

"நாப்பத்தொரு பேருக்கும் தப்பா சொல்லிக்கொடுத்தது நீங்கன்னு எழுத்துல வரும். உங்க சர்வீஸ் ரெக்கார்டுல ஏறும். பெரிய வகுப்புக்கு உங்களைப் போடற போஸ்டிங் வர்ற நேரம் டீச்சர். நான் உங்களுக்காகத்தான் சொல்றேன்" என்றார். ஆள் மாற்றுவதென்றால் நாளை ஐந்து மணிவரை முகாம்காரர்கள் ஏற்பார்களாம். யோசிக்கிறேன், நாளை மூன்று மணிக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். நானும், "சரி சார்" என்று வந்துவிட்டேன்.

மறுநாள் மூன்று மணிக்குப் போனபோது அறை நிறைய ஆட்கள். சண்முகசுந்தரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நந்தினி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றாள். சொன்னபடி ஆதிலட்சுமி வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இசைப்பிரியா. அவர்களுக்கு நாற்காலி போடவில்லை. கொளஞ்சிநாதன் சார் முகத்தில் ஏதோ கல்யாணம் நிச்சயம் ஆன களை.

"எல்லாருக்கும் நல்லபடியா முடிச்சாச்சு டீச்சர். சாரே பெரிய மனசு பண்ணிட்டாரு. நந்தினி தன்னோட இடத்தை விட்டுக்கொடுக்குது. இந்தப் பொண்ணு கேம்ப்புக்குப் போகட்டும். மார்க்கு எதையும் தொட வேண்டாம். அம்மா, நீங்க இந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்டா, இப்பவே அனுப்பிடலாம்."

"நான் எப்பப்பா விட்டுக்கொடுத்தேன்?" என்றாள் நந்தினி. அவள் அப்பா அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

ஆதிலட்சுமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பேனாவை வாங்கிக்கொண்டவள், "இன்னா போட்டுகீதுன்னு படிடி" என்று மகளிடம் கடிதத்தை நீட்டினாள். இசைப்பிரியா படித்தாள். "ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பத்து மாணவி என்பதைக் கருத்தில் கொண்டு, கருணை அடிப்படையில் இவ்விடம்..." அங்கே நிறுத்தினாள். திரும்ப ஒருமுறை மனத்துக்குள் படித்தாள்.

"சார், யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டாள்.

"என்னது?"

"கருணை அடிப்படைன்னா, வேலைல இருக்கறவங்க செத்துட்டா அவங்க வூட்டு ஆளுக்குக் குடுக்கறது. எங்க தெருவுல ரெண்டு பேருக்கு அப்பிடித்தான் வேல வந்துச்சு. எனக்குக் குடுக்கறதுக்கு யாரு சார் செத்துட்டாங்க?"

கேலியில்லை, நிஜமாகத்தான் கேட்டாள். இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் கிடையாது. சண்முகசுந்தரம்தான் முதலில் சுதாரித்தார். "வாய்க்கொழுப்பைப் பாருங்க சார்! போனாப் போகுதுன்னு குடுத்தா..."

"சும்மா இருடி" என்று ஆதிலட்சுமி மகளை அதட்டினாள். "கடலுக்குப் போவணும்னு நீதான அழுதுகினு கெடந்த? கருணையோ எதுவோ, போய்ப் பாத்துட்டு வா. நா போடறேன்."

"நீ போட்டா நா போவமாட்டேம்மா. நா சரியாதான் எழுதனேன். டீச்சருக்குத் தெரியும். நேத்து அந்தப் பெரிய புக்க வாங்கிப் பாத்தாங்களாமே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நான் செய்தது இதுதான்: "இல்லம்மா, சார் சொல்றதுலயும் ஒரு நியாயம்..." என்று இழுத்தேன்.

ஆதிலட்சுமி பேனாவை மேஜையில் வைத்தாள்.

"எங்க டீச்சர் போச்சு உங்க கோவம்?" என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். "நேத்து எங்கிட்ட எகிறினீங்க. திங்கக்கெழம எம்பொண்ணுகிட்ட கத்துனீங்க. பள்ளிக்கூடமே நடுங்கும்னு புள்ளைங்க சொல்லுதுங்க. இந்த ரூமுக்குள்ள வந்தா மட்டும் வராதா? எங்கள மாதிரி ஆளுங்ககிட்டதான் வருமா?"

காது இரண்டும் ஜிவ்வென்று சூடாகிவிட்டது. அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் யார்மேலெல்லாம் கோபப்பட்டிருக்கிறேன்? பிள்ளைகள், பெருக்குகிற அம்மா, பஸ் கிளீனர். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எவர் மேலாவது? இதையா நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்?

கடிதத்தை இசைப்பிரியா கையிலிருந்து வாங்கி இரண்டாகக் கிழித்தேன். பிறகு நாலாக.

"டீச்சர்! என்ன பண்றீங்க?" என்று கொளஞ்சிநாதன் சார் எழுந்தார்.

"வேற எழுதறேன்." அவர் மேஜையிலிருந்தே ஒரு வெள்ளைத் தாளை உருவினேன். நின்றபடியே எழுதினேன். தப்பாகச் சொல்லிக்கொடுத்தது நான், தப்பாகத் திருத்தியது நான், சரியான விடை எழுதியது இசைப்பிரியா ஒருத்தி, திருத்திய மதிப்பெண்ணில் முதலிடம் அவளுக்கு, ஆகவே இடம் அவளுக்கு. ஐந்து வரி. கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அவர் பக்கம் தள்ளினேன். "சீல் வைங்க சார்."

"இதை நான் அனுப்ப முடியாது."

"ஏன் முடியாது?" குரல் எகிறிவிட்டது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றார்கள். "கருணைன்னு பொய் எழுத முடியுது, தப்புன்னு உண்மை எழுத முடியாதா? அவ ஜெயிச்சிருக்கா சார்! ஜெயிச்சதைப் பிச்சையா போடறீங்க, அதை அவங்க அம்மா கையெழுத்துப் போட்டு வேற வாங்கிக்கணுமா? என் ரெக்கார்டுல ஏத்துங்க. போஸ்டிங்கை யாருக்கு வேணும்னாலும் குடுங்க. நாளைக்குக் காலைல பிரேயர்ல மைக்கைப் பிடிச்சு நானே எல்லாத்தையும் சொல்லப்போறேன். சீலை அதுக்கு முன்னாடி வைக்கறீங்களா, அப்புறமா வைக்கறீங்களா?"

"மிரட்டறீங்களா?" என்றார்.

"ஆமா சார். மிரட்டறேன்."

சண்முகசுந்தரம் எழுந்தார். என் மகள் நாற்பத்தெட்டு வாங்கியவள், அதில் கை வைத்தால் நிர்வாகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று ஏதேதோ பேசினார். "பாருங்க சார், நானும் வர்றேன், சேர்ந்தே போய்ப் பார்ப்போம்" என்றேன். அவர் நந்தினியை இழுத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது நந்தினி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. எனக்கு அப்போது சீல்தான் முக்கியம்.

நாலு நாற்பதுக்கு சீல் விழுந்தது. வராந்தாவில் அதற்குள் பாதிப் பள்ளிக்கூடம் கூடிவிட்டது, அதற்குப் பயந்துதான் வைத்தார். கிளார்க் கடிதத்தைப் படம் பிடித்து முகாமுக்கு அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில், ‘ஏற்றுக்கொண்டோம், மாணவி திங்கட்கிழமை வரலாம்’ என்று பதில் வந்தது. நான் இசைப்பிரியாவிடம் போய், "மன்னிச்சிடும்மா" என்றேன். அவள் கடிதத்தை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். "எனக்கு இதுல ஒரு ஜெராக்ஸ் வேணும் டீச்சர்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆதிலட்சுமி, "ஷிப்டுக்கு லேட்டாயிடுச்சு, சூப்பர்வைசர் கத்துவான்" என்று முணுமுணுத்துக்கொண்டே தொப்பியை மாட்டினாள். நன்றியெல்லாம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

மறுநாள் பிரேயரில் மைக்கை என் கையில் கொடுக்கவில்லை. போகட்டும் என்று நேராக ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்குப் போனேன். பலகையில் பிரமிடைத் தலைகீழாக வரைந்தேன். நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன் என்றேன். இசைப்பிரியா எழுதியதுதான் சரி, அதைப் படித்துக் கேலி செய்தது அதைவிடப் பெரிய தப்பு, இனி யாராவது அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்னைக் கூப்பிட்டதாக வைத்துக்கொள்வேன் என்றேன். இசைப்பிரியா பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு கொஞ்சம் லேசான மாதிரி இருந்தது. அப்போது முதல் பெஞ்சில் நந்தினி எழுந்தாள்.

"அப்ப எனக்கு என்ன சொல்லப் போறீங்க டீச்சர்?"

"நந்தினி..."

"நீங்க போர்டுல போட்டதைத்தான் நான் போட்டேன். கோடுகூட மாறல. உங்களை நம்பி எழுதினவளுக்கு முட்டை, நம்பாதவளுக்குக் கடலா? நேத்து எங்கப்பா என்னைக் கேக்காம விட்டுக்கொடுத்தாரு. நீங்க என்னைக் கேக்காம எடுத்துக்கிட்டீங்க. சார் ரூம்ல இவளுக்காக அவ்வளவு கத்துனீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

எந்தப் பிள்ளையும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. போன வாரம் பேசியிருந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஒருத்திக்கு நியாயம் செய்கிற அவசரத்தில் இன்னொருத்தியை வாசலோடு அனுப்பிவிட்டு, மனசு லேசாகிவிட்டது என்று நின்றுகொண்டிருக்கிறேன். திருப்பிக் கொடுக்க என்னிடம் இன்னொரு இடமும் இல்லை.

"உனக்கு நான் செஞ்சது அநியாயம்தான். கோபப்படும்மா. என் மேலதான் படணும்" என்றேன்.

பட்டாள். பீரியட் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.